பல்லிக்குத் தோலில் புண்: மருந்தா முதலில், கூண்டா?

மீட்கப்பட்டு என்னிடம் வந்த பியர்டட் டிராகன் என்ற வளர்ப்புப் பல்லிக்கு வயிற்றில் கட்டைவிரல் அகலத்துக்குத் தீப்புண். முந்தைய கூண்டில் சூடேறும் கல் வைத்திருந்தார்களாம். வயிற்றுப்பக்கம் சுடுவது இவற்றுக்குச் சட்டென்று உறைக்காது. வேகும்வரை அப்படியே படுத்துக்கிடக்கும். நான் முதலில் தேடியது களிம்பை. பார்த்திருக்க வேண்டியது கூண்டை.

தரைக்கு மணலா, காகிதமா? இதில் பேச ஒன்றுமில்லை, காகிதம்தான். மணல் ஈரப்புண்ணில் ஒட்டிக்கொள்ளும். டிஷ்யூ விரித்தால் கூண்டு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும், சரி, இருக்கட்டும். ராத்திரி புண் கசிந்திருந்தால் காலையில் மஞ்சள் கறையாகத் தெரிந்துவிடும்.

சூட்டுக்கு விளக்கா, அடியில் போடும் மேட்டா என்பதுதான் யோசிக்க வேண்டிய இடம். பல்லிக்கு உடம்புச்சூடு வெளியிலிருந்துதான் வரவேண்டும். குளிரில் கிடந்தால் செரிமானமும் மந்தம், நோய் எதிர்ப்பும் மந்தம். எந்தக் களிம்பும் பாதிதான் வேலை செய்யும். வயிற்றில் புண் என்றால் மேலிருந்து விளக்கு. பியர்டட் டிராகன் வெயில் காயும் இடத்தில் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், மறுமுனை 25ஐ ஒட்டி. லெப்பர்ட் கெக்கோ என்ற இன்னொரு வளர்ப்புப் பல்லிக்கு மேட் ஒத்துவரும். தரை 32ஐ ஒட்டி இருந்தால் போதும், ஆனால் சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத மேட் அந்தச் சூடேறும் கல்லுக்குத் தம்பிதான்.

புண்ணைக் கழுவக் கிருமிநாசினி எது, போவிடோன் அயோடினா குளோர்ஹெக்சிடினா? அயோடினை லைட் டீ நிறத்துக்கு நீர்க்க வேண்டும். அப்படியே ஊற்றினால் புதிதாக வளரும் திசுவும் கருகும். சீழ், அழுக்கு இருந்தால் அதன் வீரியம் குறையும், கறையில் புண்ணின் ஓரமும் தெரியாது. குளோர்ஹெக்சிடின் தோலில் கூடுதல் நேரம் தங்கி வேலை செய்யும். 2% கரைசல் ஒரு பங்குக்கு 39 பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.05% கிடைக்கும். வயிற்றுப் புண்ணுக்கு நான் பிடித்தது இதைத்தான். ஆனால் கண்ணருகே புண் என்றால் இதன் பக்கமே போகக்கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் இரண்டும் போட்டியிலேயே இல்லை.

களிம்பில் தீப்புண்ணுக்கு 1% சில்வர் சல்ஃபாடயசின், அதுவும் மருத்துவர் பார்த்துச் சொன்னபிறகு, மெல்லிய பூச்சாக. வீட்டிலிருக்கும் ஆன்டிபயாடிக் களிம்பை எடுப்பதற்குமுன் லேபிளைப் படியுங்கள். வலி மரக்கச் செய்யும் மருந்து, '-கெய்ன்' என்று முடிவது, கலந்திருந்தால் வேண்டாம். இத்தனூண்டு உடம்புக்கு அது விஷம்.

அப்புறம், ஊறவைக்கலாமா? விரலில் உரியாத பழைய தோல் வளையமாக இறுகியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம், பிறகு ஈரப் பஞ்சுக்குச்சியால் மெல்லத் தள்ளலாம். விட்டுவைத்தால் ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும். திறந்த புண்ணைக் குளியலில் போடாதீர்கள். தொட்டியில் பல்லி மலம் கழிப்பது வழக்கம், அந்தத் தண்ணீர் புண்ணுக்குள் போகும். வேலை முடிந்ததும் உங்கள் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள், வயிற்றுப்போக்கைத் தரும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

மஞ்சளாகப் பொருக்குத் தட்டிப் பரவினால் வீட்டு வைத்தியத்தை அங்கேயே நிறுத்துங்கள். அது பூஞ்சையாக இருக்கலாம். உள்ளே கொடுக்கும் மருந்து தேவைப்படும்.

எங்கள் ஆளுக்கு வாரக்கணக்கில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இரண்டாவது முறை தோல் உரித்தபோதுதான் கருப்புப் பொருக்கு அதோடு சேர்ந்து வந்தது. அடியில் செதில் இல்லாத இளஞ்சிவப்புத் தோல்.