மாண்டிசோரியா, அமைச்சின் பாலர் பள்ளியா?

மகளுக்கு மூன்று வயதானதும் சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் பட்டிமன்றம் ஆரம்பித்தது. கணவர் மாண்டிசோரி கட்சி, அதாவது பிள்ளைகள் பொருள்களைத் தாங்களே கையாண்டு கற்கும் முறை. நானோ புளோக்குக்குக் கீழே இருக்கும் பாலர் பள்ளி, பிறகு ஐந்து வயதில் கே1 வகுப்புக்குக் கல்வி அமைச்சின் பாலர் பள்ளி என்ற கட்சி. நாலைந்து இடங்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பாதி தோற்றுவிட்டேன்.

நல்ல மாண்டிசோரி வகுப்பில் மூன்று வயதும் ஆறு வயதும் ஒரே அறையில் இருக்கும். ஏறக்குறைய மூன்று மணி நேரம் மணி அடிப்பதில்லை. ஒரு பையன் இளஞ்சிவப்புக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். மொத்தம் 10, சின்னது 1 செ.மீ., பெரியது 10 செ.மீ. வரிசை தப்பினால் கோபுரமே காட்டிக்கொடுத்துவிடுகிறது, ஆசிரியர் வாய் திறக்கவேயில்லை. அவனே கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினான். ஒவ்வொரு பொருளும் ஒரு செட்தான் என்பதால் அடுத்தவள் காத்திருந்தாள். உப்புத்தாள் எழுத்துகளை விரலால் தடவிப் பழகுகிறார்கள். விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து 'அ' எழுதவைக்கும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம். (மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கு வந்தவர், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார்.)

ஆனால் அந்தப் பெயர் யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். நாங்கள் பார்த்த ஓரிடத்தில் கட்டைகள் அலமாரியில் தூசி படிந்திருக்க, எல்லாப் பிள்ளைகளும் ஒரே தாளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

அமைச்சின் பாலர் பள்ளி வேறு ரகம். நாளைக்கு 4 மணி நேரம், ஒரே வயதுப் பிள்ளைகள், கதை, பாட்டு, குழு விளையாட்டு. மனப்பாடப் பள்ளி என்று சிலர் சொல்வது சரியில்லை. அது தொடக்கப்பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருந்தால், அதே பள்ளியின் தொடக்கநிலை 1-க்கு, முன்னுரிமை தரும் 2ஏ கட்டத்தில் பதியலாம். கட்டணமும் கையைக் கடிக்காது. கே1-க்கு முந்தைய வயதுக்கும் அப்படித்தான்: அரசு ஆதரவு பெற்ற ஆங்கர் நிலையங்களில் முழுநாள் பராமரிப்புக்கு 2026-இல் உச்சவரம்பு 610 வெள்ளி, ஜிஎஸ்டி தனி. நாங்கள் விசாரித்த மாண்டிசோரிகளில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கேட்டார்கள்.

சரி, பணத்தை எப்படியாவது புரட்டலாம். என்னைத் தடுத்தது தமிழ். விசாரித்த மாண்டிசோரி எல்லாவற்றிலும் இரண்டாம் மொழி சீனம்தான். அமைச்சின் பாலர் பள்ளியில் தமிழ் உண்டு.

அப்படியானால் இப்போது மாண்டிசோரி, கே1-க்கு அமைச்சு என்று பிரித்துக்கொள்ளலாமே என்றேன். கணவர் ஒப்பவில்லை. மூன்றாம் ஆண்டில்தான் பிள்ளை வகுப்பின் மூத்தவளாகி, சின்னவர்களுக்குச் செய்து காட்டுவாள். அதற்கு முன்பே எடுத்தால் பழம் பழுக்குமுன் பறிப்பதுதான் என்றார். அது நியாயம். தமிழ் ஆசிரியர் உள்ள மாண்டிசோரி கிடைத்திருந்தால் மூன்று ஆண்டும் விட்டிருப்பேன்.

கிடைக்கவில்லை. கீழ்த்தளப் பள்ளியில் சேர்த்துவிட்டோம். வீட்டு மாண்டிசோரிக்காகத் தேக்காவில் ஒரு குட்டிக் கூஜா வாங்கி அவள் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்திருக்கிறோம். அவளே ஊற்றிக் குடிக்கிறாள். சிந்தினால் துடைக்கும் துணியையும் அவளே எடுக்கிறாள், மாமியார் ஓடிவந்து பிடுங்காத நாட்களில்.