பேட்டரியை மட்டும் நம்பி மேலூர் வரை: சாக்கெட்டில் செருகும் வோல்ட்மீட்டர் பற்றி

காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகி வைக்கும் சிறிய வோல்ட்மீட்டரை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கட்டைவிரல் பருமன் உள்ள கருப்பு பிளாஸ்டிக் உருளை, அதன் தலையில் சிவப்பு எழுத்தில் மூன்று இலக்கங்கள், பக்கத்தில் கைப்பேசிக்கு மின்னேற்ற ஒரு துளை; இவ்வளவுதான் பொருள். 250 ரூபாய்க்கு வாங்கினேன். இத்தனை சிறிய பொருளுக்கு இவ்வளவு நீளமான மதிப்புரை தேவையா என்று கேட்கலாம். கடந்த மார்கழியில் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில் வண்டிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் வேலை செய்யாமல் போன பின்பு, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரத்தை பேட்டரியில் இருந்த மின்சாரத்தை மட்டும் கொண்டு கடந்தேன். அன்று எங்கே நிற்க வேண்டும், எதை அணைக்க வேண்டும், எதற்குச் சம்மதிக்கக் கூடாது என்று எடுத்த முடிவுகள் எல்லாமே இந்த மூன்று இலக்கங்களைப் பார்த்து எடுத்தவை.

நம் ஊர் மெக்கானிக்குகள் இன்றும் டைனமோ என்றே சொல்லும் ஆல்டர்னேட்டர், எஞ்சின் ஓடும்போது பெல்ட்டால் சுழன்று வண்டிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தந்து, பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றுகிறது. அது ஒழுங்காக இருந்தால் மீட்டர் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும். எஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், நல்ல பேட்டரி 12.6 காட்டும். 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள், 11.9-க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. மீட்டரோடு வந்த காகிதத்தில் இந்த விவரம் எதுவும் இல்லை. எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று தெரியாதவர் கையில் இது வெறும் அலங்கார விளக்குதான் என்பதால், விற்பவர்கள் இந்த எண்களையாவது அச்சிட்டுத் தந்திருக்க வேண்டும்.

அன்று விராலிமலையைத் தாண்டியதிலிருந்தே எண் நிலையாக இல்லை. வழக்கமாக 14.1-இல் அசையாமல் நிற்கும் மீட்டர் 13.6, 13.1, மறுபடி 13.9 என்று தடுமாறியது. டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு அப்போது எரியவில்லை. துவரங்குறிச்சியைக் கடக்கும்போது எண் 12.4-க்கு இறங்கி அங்கேயே நின்றது. அதன் பிறகு சுமார் பத்து நிமிடம் கழித்துத்தான் சிவப்பு விளக்கு மங்கலாக எரியத் தொடங்கியது. இந்த மீட்டரை வாங்கச் சொல்வதற்கு இந்தப் பத்து நிமிட முன்னறிவிப்பே போதும் என்பது என் எண்ணம். கோளாறு வந்துவிட்டது என்பதை மட்டும் சொல்லும் விளக்கு, கையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

வேப்பமர நிழலில் ஓரங்கட்டினேன், எஞ்சினை அணைக்கவில்லை. எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால், அணைத்துவிட்டால் இறங்கிக்கொண்டிருக்கும் பேட்டரியால் மீண்டும் கிளப்ப முடியாமல் போகலாம். பானெட்டைத் திறந்து, கையையும் துண்டையும் தள்ளி வைத்தபடி பெல்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். பெல்ட் அறுந்து, அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது என்றால், அதற்கு மேல் ஓட்டுவது எஞ்சினையே கருக்கிவிடும். அந்த நிலையில் மீட்டர் என்ன காட்டினாலும் வண்டி நின்றே ஆக வேண்டும். எங்கள் வண்டியில் பெல்ட் சரியாகச் சுழன்றது, வெப்பமானியும் நடுவில் இருந்தது.

அடுத்தது கணக்கு. எங்களுடையது 35 ஆம்பியர்-மணி பேட்டரி கொண்ட சிறிய பெட்ரோல் கார். ஆம்பியரையும் மணி நேரத்தையும் பெருக்கினால் வரும் அந்த 35 என்பது, 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக எடுத்தால் குறைவாகவே கிடைக்கும். பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், இக்னிஷன் காயில், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி எல்லாம் சேர்ந்து தோராயமாக 10 ஆம்பியர் கேட்கும். பேட்டரிக்கு வயதும் ஆகியிருந்ததால் ஒரு மணி நேரம் என்று மட்டும் வைத்துக்கொண்டேன். ஏசி, புளோயர், பாட்டு, கைப்பேசி சார்ஜ் அனைத்தையும் நிறுத்தினேன். புளோயரை நிறுத்திய கணத்தில் 12.2-இல் இருந்த எண் 12.3 ஆனதைப் பார்த்த என் தம்பி, "அண்ணே, ஏறுது!" என்றான். ஏறவில்லை, சுமை குறைந்திருக்கிறது என்று விளக்கினேன். ஆனால் எந்தச் சாதனம் எவ்வளவு தின்கிறது என்பதைக் கண்ணால் பார்ப்பது எத்தனை பெரிய உதவி என்று அப்போது எனக்கும் புரிந்தது.

வழியில் ஒரு பட்டறையில் ஐந்து நிமிடம் நின்றதை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கிருந்த இளைஞர், டைனமோ போயிருக்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் முனையைக் கழற்றப் போனார். பழைய காலத்து வண்டிகளில் பலர் செய்து பழகிய சோதனை இது. கழற்றிய பின்னும் எஞ்சின் ஓடினால் டைனமோ நல்லது என்று முடிவு கட்டுவார்கள். கணினி உள்ள இன்றைய வண்டிகளில் இது பெருந்தவறு. ஆல்டர்னேட்டர் ஓரளவு வேலை செய்துகொண்டிருந்தால், பேட்டரி விலகிய அந்த நொடியில் மின்னழுத்தம் பல மடங்கு எகிறிக் கணினியையே எரித்துவிடக்கூடும். மீட்டரைக் காட்டி, எஞ்சின் வேகத்தைக் கூட்டியும் எண் நகரவில்லை, இதைவிட வேறு சோதனை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த எண் கண்முன் இல்லாமல் இருந்திருந்தால் அவரைத் தடுக்கும் துணிவு எனக்கு வந்திருக்குமா என்பது ஐயமே.

நான்கு வழிச் சாலையில் சீரான வேகத்தில் போகும்போது எண் மிக மெதுவாகத்தான் இறங்கியது. எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விப்பதால் ஃபேன் சுற்றவில்லை. லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்த ஓரிடத்தில் ஃபேன் சுற்றியதும் 12.1 சட்டென்று 11.8 ஆகி, ஃபேன் நின்றதும் 12.0-க்குத் திரும்பியது. மதுரைக்கு இன்னும் 30 கிலோமீட்டர் என்ற நிலையில் மேலூர் வந்தது. மார்கழியில் 6 மணியை ஒட்டிப் பொழுது சாய்ந்துவிடும். முகப்பு விளக்குகள் இரண்டும் எரிந்தால் 9 ஆம்பியர் கூடுதலாகப் போகும், அதாவது செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். முன்னால் சிட்டம்பட்டி சுங்கச்சாவடி, அதற்கப்பால் மதுரையின் மாலை நெரிசல். மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் மின்சார ஸ்டியரிங் கைவிட்டுக் கனத்துப்போகும், பிறகு எஞ்சினும் இடையில் நிற்கும். இருட்டில் நெடுஞ்சாலை நடுவே அப்படி நிற்பது உயிரோடு விளையாடுவது. எனவே 12.0-இல் மேலூருக்குள் திரும்பினேன். திரும்ப இடமில்லாத சாலையில் மாட்டியிருந்தால், தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-ஐ அழைத்து ஓரமாக நின்றிருப்பேன்.

மேலூரில் வண்டியைப் பார்த்த எலெக்ட்ரீசியன் அறுபது வயதைக் கடந்தவர். அரை மணி நேரத்தில் டைனமோவைப் பிரித்து, உள்ளே சுழலும் வளையத்தைத் தொட்டு மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டு தேய்ந்துபோயிருந்ததை எடுத்துத் தம் உள்ளங்கையில் வைத்து, புதியதையும் அதன் பக்கத்தில் வைத்தார். புதியது சுண்டுவிரலின் ஒரு கணு அளவு. பழையது அரிசிமணி அளவுக்குத் தேய்ந்து, ஒரு பக்கம் சாய்வாக வழுவழுப்பாக இருந்தது. "வளையத்த ஒருநேரம் தொடும், ஒருநேரம் தொடாது தம்பி. அதான் ஒங்க மீட்டரு ஆடிருக்கு" என்றார். விராலிமலையில் பார்த்த தடுமாற்றத்துக்கு அந்த ஒரு வரியில் விடை கிடைத்தது. கார்பனும், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கட்அவுட்டும் ஒன்றாக வரும் பாகத்தையே மாற்றி, வண்டியைக் கிளப்பியதும் மீட்டர் 14.2-இல் நிமிர்ந்து நின்றது. இறங்கிப்போன பேட்டரியை டைனமோவின் தலையில் மட்டும் கட்டாமல், வீட்டுக்குப் போனதும் சார்ஜரில் போட்டு மெதுவாக ஏற்றச் சொன்னார், அப்படியே செய்தேன்.

இனி குறைகள். மல்டிமீட்டரை பேட்டரி முனையிலேயே வைத்து ஒப்பிட்டதில், இது 0.2 குறைத்தே காட்டுகிறது. புளோயர் முழு வேகத்தில் ஓடும்போது வித்தியாசம் 0.3 ஆகிறது. சாக்கெட்டுக்கு வரும் வயரில் ஏற்படும் இழப்பே இதற்குக் காரணம். வித்தியாசம் தெரிந்திருந்தால் தொல்லையில்லை. வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போது தொடுப்பு விட்டு எண் மறைந்து மீண்டும் வருகிறது. நண்பகல் வெயிலில் கையால் மறைத்தால்தான் படிக்க முடிகிறது. ஓட்டுகிறவர் குனிந்து பார்க்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கக் கூடாத குறை ஒன்று உண்டு. இதற்கு முன் நான் வைத்திருந்த வேறொரு மீட்டரில், எட்டு மாதத்தில் கடைசி இலக்கத்தின் நடுக்கோடு எரியாமல் போய், 8 என்பது 0 ஆகத் தெரிந்தது. 13.8 என்பதை 13.0 என்று படித்து ஒரு வாரம் வீண் கவலைப்பட்டேன். எனவே வாங்கியதும், பிறகு அவ்வப்போதும், எண்ணின் எல்லாக் கோடுகளும் எரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

எல்லா வண்டிக்கும் இது ஒரேபோல் பயன்படாது. புதிய கார்கள் சிலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த கணினியே சார்ஜைக் கூட்டிக் குறைக்கிறது; அவற்றில் 12.7 என்று கண்டதும் பதறக் கூடாது, வண்டியின் வழக்கம் என்ன என்று சில வாரம் கவனித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மாறாக, பம்ப் முழுவதும் இயந்திர முறையில் இயங்கும் பழைய அம்பாசடர் டீசல் போன்ற வண்டிகள், ஒருமுறை கிளம்பிவிட்டால் பகலில் பேட்டரி இல்லாமலும் ஓடும். அவற்றுக்கு இது அவசரத் தேவை அல்ல. இடைப்பட்ட காலத்துப் பெட்ரோல் கார்களும், கணினிக் கட்டுப்பாட்டில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரயில் டீசல் கார்களும் வைத்திருப்பவர்கள், குறிப்பாக ஊர்விட்டு ஊர் அடிக்கடி ஓட்டுகிறவர்கள், தயங்காமல் வாங்கலாம்.

கிளம்பும் முன் அந்தப் பெரியவர் ஏசி, விளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடச் சொல்லி மீட்டரைப் பார்த்தார், 13.8 காட்டியது. ரசீதின் பின்பக்கம் "சும்மா 14.2, எல்லாம் போட்டா 13.8, இதுக்குக் கீழ வந்தா வந்துருங்க" என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டுக் காகிதத்தை டேப் போட்டு மீட்டருக்கு மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.