மிளகு வரி: எல்லா நாடுகளும் சேர்ந்த விதியா, இரு நாட்டு ஒப்பந்தமா?

போடி, கம்பம், குமுளி வியாபாரிகளுக்கு இந்த வித்தியாசம் கிலோ விலையிலேயே தெரியும்.

உலக வர்த்தக அமைப்பின் வழி மெதுவானது. 166 உறுப்பு நாடுகளும் இசைந்தால்தான் புது விதி. 2001இல் தொடங்கிய தோகா பேச்சு இன்னும் முடியவில்லை. ஆனால் அங்கே ஒருவருக்குக் கொடுத்த வரிக்குறைப்பு பொதுவாக எல்லா உறுப்பினருக்கும் உண்டு. சரக்கின் ஊரை மாற்றிக் காட்டி லாபம் பார்க்க வழி குறைவு.

இந்திய-இலங்கை ஒப்பந்தமோ 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சிலேயே அமலுக்கு வந்துவிட்டது. சிக்கலும் இங்கேதான். மிளகுக்குப் பொது வரி 70 சதவீதம். இலங்கை மிளகுக்கு ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியே இல்லை, தெற்காசிய நாடுகளின் வர்த்தக ஒப்பந்தமான சாஃப்டா வழியில் 8 சதவீதம். இவ்வளவு இடைவெளி இருந்தால் வியட்நாம் மிளகு கொழும்பில் மூட்டை மாறி, இலங்கைச் சான்றிதழோடு வரத்தான் பார்க்கும். அடிபடுவது இடுக்கி விவசாயி. அதைத் தடுக்கத்தான் 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வந்தது. 2020 செப்டம்பரிலிருந்து சான்றிதழ் மட்டும் போதாது. எங்கே விளைந்தது என்ற விவரங்களை இறக்குமதியாளரே திரட்டி 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

வேகத்துக்குச் சிறு ஒப்பந்தமே மேல். ஆனால் மிளகு, ஏலக்காய் போன்ற சரக்குக்கு டன் வரம்பு எழுதாமல் அதில் கையெழுத்திடக் கூடாது.