வாடகை அட்வான்ஸ் மோசடிக்கு 1930: எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

கோரிமேட்டில் ஜிப்மர் பக்கம் வீடு, காலாப்பட்டில் பல்கலைக்கழகம் பக்கம் ரூம் என்று விளம்பரம் வரும். படம் பளிச்சென்று இருக்கும், வாடகை குறைவாக இருக்கும். "ஓனர்" ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார். வீடு பார்க்க கேட் பாஸ் போட வேண்டும், டோக்கன் அட்வான்ஸ் அனுப்புங்கள் என்பார். பணம் போனதும் போன் ஸ்விட்ச் ஆஃப். இதில் சிக்கியவர் முதலில் அழைக்க வேண்டியது, இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் 1930.

இந்தச் சேவையின் பலம் வேகம். புகார் பதிவானதும் பணம் போன வங்கிக்குத் தகவல் போகும். கணக்கில் மிச்சம் இருப்பதை நிறுத்தி வைப்பார்கள். ஏமாற்றுகிறவர் பணத்தை அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றி ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் நிறுத்த ஒன்றும் இருக்காது. ஆகவே "நாளைக்கு பேங்க் திறக்கட்டும்" என்று காத்திருக்கவே கூடாது.

அழைப்பதற்கு முன் 12 இலக்க யுடிஆர் எண்ணை (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வங்கி அடையாளம் காணும் எண்) எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் பேயில் பணம் அனுப்பிய விவரத்தைத் திறந்தால் இரண்டு எண்கள் தெரியும். முழுக்க இலக்கமாக இருக்கும் யுபிஐ எண்தான் வேண்டும்; எழுத்தும் இலக்கமும் கலந்த கூகுள் எண்ணைச் சொன்னால் வங்கியால் தேட முடியாது. போன்பேயில் "T" என்று தொடங்குவதை விட்டுவிட்டு அதன் கீழே உள்ள யுடிஆரைப் பாருங்கள். டோக்கன், கேட் பாஸ், அட்வான்ஸ் என்று மூன்று தடவை அனுப்பியிருந்தால் மூன்று எண்களையும் கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் சொல்வதால் மீதிப் பணம் தப்பிவிடுகிறது.

பிறகு சைபர்கிரைம் இணையதளத்தில் புகாரை முழுமையாக நிரப்ப வேண்டும். அங்கே மாநிலத்தைக் கவனித்துத் தேர்வு செய்யுங்கள். "பாண்டி" என்று விளம்பரத்தில் இருக்கும் வீடு கோட்டக்குப்பத்திலோ குயிலாப்பாளையத்திலோ இருக்கலாம். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். கடலூர்க்காரர் பாகூர் பக்கம் வீடு தேடினால் அது புதுச்சேரி. "எங்க லிமிட் இல்ல" என்று ஸ்டேஷனில் சொன்னால் தயங்க வேண்டாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 173-ன்படி எல்லை எதுவானாலும் ஜீரோ எஃப்ஐஆர் போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பலாம்.

1930-ன் எல்லை இங்கேதான் வருகிறது. அது தரும் ஒப்புகை எண் எஃப்ஐஆர் அல்ல. ஸ்டேஷனில் மனு வாங்கியதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீதும் எஃப்ஐஆர் அல்ல. குற்ற வழக்கு நடக்க வேண்டுமானால் தனியாக எழுத்து மனு கொடுத்து, எஃப்ஐஆர் நகலை இலவசமாகக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே வீட்டை இரண்டு பேருக்கு லீஸுக்கு விட்டு ரொக்கமாக லட்சங்களை வாங்கிக்கொண்ட கேஸ்களில் 1930-ஐ நம்பி உட்காரக் கூடாது, நேரே ஸ்டேஷன்தான்.

அங்கே பெரும்பாலும் வரும் பதில், "இது சிவில் மேட்டர்". அட்வான்ஸைத் திருப்பித் தராத உண்மையான ஓனர் மீதுள்ள புகார் பெரும்பாலும் சிவில்தான். ஆனால் ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்றால் அது மோசடி. மனுவின் முதல் பத்தியிலேயே அதைக் காட்டுங்கள்: வீடு அவருடையது அல்ல, பத்திர நகல் போலி, அதே வாரம் இன்னொருவரிடமும் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். நடந்ததற்கு ஏற்ப, ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டமான பிஎன்எஸ் 318(4) (7 ஆண்டு வரை சிறை), ஆள்மாறாட்டத்துக்கு 319(2), ஆன்லைன் என்றால் தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டம் 66டி ஆகியவை பொருந்தும். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததென்றால் பழைய ஐபிசி 420. பதிய மறுத்தால் எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் மட்டும் போதாது. சாட்சியச் சட்டம் பிஎஸ்ஏ 63-ன்படியான சான்றிதழும் சேர்ந்தால்தான் கோர்ட்டில் நிற்கும்.

நிறுத்தி வைத்த பணம் தானாகத் திரும்பி வரும் என்று நினைப்பது இன்னொரு தவறு. எந்தக் கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை விடுவிக்க பிஎன்எஸ்எஸ் 503-ன் கீழ் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடுங்கள்.