எருசலேம் சபையின் பந்தி விசாரணை: ஓர் உதவிச் சேவையின் நிறைகுறை

ஆதி சபை, அதாவது முதல் கிறிஸ்தவர்களின் கூட்டம், எருசலேமில் ஏழைகளுக்கு நடத்திய அன்றாட உதவியை (பந்தி விசாரணை) ஒரு சேவையாக மட்டும் எடைபோட்டால், தொடக்கத்தில் நோக்கத்துக்கு முழு மதிப்பெண், ஏற்பாட்டுக்குக் குறைவுதான். நிலமும் வீடும் விற்றவர்கள் பணத்தை, இயேசுவின் முதன்மைச் சீஷர் பன்னிருவரான அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்தார்கள். அவரவர் தேவைக்குத் தக்கபடி பகிரப்பட்டது. போதனையும் பணப்பொறுப்பும் அதே பன்னிருவர் தலையில். சபை பெருகியதும் கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாடப் பகிர்வில் விடுபட்டார்கள். யாரும் வேண்டுமென்றே ஒதுக்கியதாக, இதை அப்போஸ்தலர் நடபடிகளில் பதிவு செய்த லூக்கா எழுதவில்லை. சீஷர் தொகை பெருகிய நாட்களில் முறுமுறுப்பு எழுந்தது என்கிறார்.

அதைச் சரிசெய்த விதம்தான் இந்தச் சேவையின் உச்சம். பன்னிருவர் சபை முழுவதையும் கூட்டினார்கள். 7 பேர் வேண்டும். நற்சாட்சி, ஆவியின் நிறைவு, ஞானம் ஆகிய மூன்றும் வேண்டும் என்று தகுதியை மட்டும் சொன்னார்கள். ஆட்களைத் தேர்ந்தது சபை. ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை ஏழு பெயருமே கிரேக்கப் பெயர்கள். நிக்கொலா பிறப்பால் யூதர்கூட இல்லை. குறை சொன்ன தரப்பின் கையிலேயே பந்தியை ஒப்படைத்த துணிவு அபூர்வமானது. விடுபட்ட வீடு எது என்று அவர்களுக்குத்தானே தெரியும்!

வருமானத்தில் ஒரு பலவீனம் இருந்தது. நிலத்தை ஒருமுறைதான் விற்க முடியும். பின்னாளில் எருசலேமின் ஏழைகளுக்காக, கிரேக்கப் பகுதிகளான மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் பணம் சேர்க்க வேண்டிவந்தது. அதற்கு, அங்கெல்லாம் சபைகளை நிறுவிய பவுல் கொரிந்து நகரச் சபைக்குச் சொன்ன முறை இன்னும் உறுதியானது: வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் வரவுக்கு ஏற்ப எடுத்துவைப்பது, சேர்ந்ததைச் சபை தகுதியுள்ளவர்களாகக் கண்டவர்களே எருசலேமுக்குக் கொண்டுபோவது. பெருந்தொகை என்பதால் பழி வராதபடி, சபைகள் நியமித்த ஒரு சகோதரரையும் பவுல் உடன் சேர்த்துக்கொண்டார்.

யாருக்குக் கொடுப்பது என்ற வரையறை, பவுலின் உடனூழியரான தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் வருகிறது. விதவைகள் பட்டியலில் சேர வயது 60 ஆகியிருக்க வேண்டும். பிள்ளைகளோ பேரரோ இருந்தால் முதல் பொறுப்பு அவர்களுடையது. கறாராகத் தோன்றலாம். ஆனால் உறவு உள்ளவர்கள் பட்டியலை நிரப்பினால் நாதியற்றவளுக்கு இடம் இருக்காது.

இந்த ஏற்பாடு எவ்வளவு பாரம் தாங்கியது என்பதற்கு, கி.பி. 251-ஐ ஒட்டி ரோமாபுரி ஆயர் கொர்நேலியு தரும் கணக்கு இருக்கிறது. டீக்கன்கள் (உதவிப் பணி செய்த சபை ஊழியர்கள்) 7, உப டீக்கன்கள் 7, அவர்களுக்கும் கீழே 42 துணை ஊழியர்கள். சபை பராமரித்த விதவைகளும் வறியோரும் 1,500-க்கு மேல். டீக்கன் ஒருவருக்கு 200 பேருக்கு மேல் வருகிறது. 42 துணை ஊழியர்கள் இல்லாமல் அந்த எண்ணிக்கையைச் சமாளித்திருக்கவே முடியாது.