மர கிளைடருக்கு எந்தப் பசை? வீவக அடுக்குமாடி வீட்டில் பயன்படுத்திய அனுபவம்

எட்மண்ட் ஷ்னைடர் 1931இல் வடிவமைத்த குருனாவ் பேபி கிளைடரை (இன்ஜின் இல்லாத விமானம்) நாலில் ஒரு பங்கு அளவில் வீட்டிலேயே கட்டிக்கொண்டிருக்கிறேன். அசல் விமானத்தின் இறக்கை சுமார் 13.5 மீட்டர், என்னுடையது 3.4 மீட்டர்கூட வராது, அதையும் இரண்டாகக் கழற்றினால்தான் மின்தூக்கிக்குள் போகும். அது கிடக்கட்டும், சொல்ல வந்தது பசையைப் பற்றி. ரிசார்சினால் என்ற மரப்பசை, டி-88 என்ற எபாக்சி பசை இரண்டிலும் வருஷக்கணக்காக ஒட்டியாயிற்று. சிங்கப்பூர் வீட்டுக்கு எபாக்சிதான் என்பது என் கட்சி.

பழைய கிளைடர்கள் பலவற்றில் இருந்தது பாலிலிருந்து எடுக்கும் கேசின் பசை. ஈரம் ஏறினால் பூஞ்சை அதைத் தின்றுவிடும், அதனால்தான் புதுப்பிப்பவர்கள் ப்ளைவுட்டைப் பிரித்து முதலில் ஒட்டுகளைப் பார்க்கிறார்கள். ரிசார்சினாலுக்கு அந்தத் தொல்லை கிடையாது, கொதிநீரே ஒன்றும் செய்யாது. ஆனால் ரொம்ப கறார்: இரண்டு பரப்பும் இடைவெளி விடாமல் பொருந்த வேண்டும், கிளாம்ப் இறுக்கம் சீராக இருக்க வேண்டும், மரம் காய்ந்திருக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் சும்மா கிடக்கிற ஸ்ப்ரூஸ் மரக்கட்டையே 15, 16 சதவீத ஈரம் பிடித்து வைத்திருக்கும். வீட்டிலுள்ள பாம் ஷெல்டருக்குள் (வெடிகுண்டுப் பாதுகாப்பு அறை) ஈரம் உறிஞ்சும் மெஷினை ஓடவிட்டு, காற்றின் ஈரப்பதத்தை 50 சதவீதத்தில் நிறுத்தினால்தான் மரம் 9, 10க்கு இறங்குகிறது. கரண்ட் பில்லைப் பார்த்து வீட்டில் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

டி-88 இரண்டு பாட்டில், அளவுக்கு அளவு சமமாகக் கலந்தால் சரி. சின்ன இடைவெளியை நிரப்பும், கிளாம்ப் லேசாகப் பிடித்தாலே போதும். ஒவ்வொரு முறை கலக்கும்போதும் மிச்சப் பசையில் இரண்டு துண்டு மரத்தை ஒட்டி வைத்து, இறுகினதும் உளியால் பிளந்து பார்ப்பேன். பிளந்த முகம் முழுக்க மரநார் கிழிந்து சொரசொரவென்று இருந்தால் ஒட்டு நல்ல ஒட்டு, பசை வழவழவென்று பளபளத்தால் அந்தக் கலவையில் ஒட்டினதை நம்பக் கூடாது.

குறை இல்லாமல் இல்லை. எந்த எபாக்சியும் சூட்டில் இளகும், வெயிலில் நிற்கும் காருக்குள் இறக்கையை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், அடர் நிறப் பெயின்ட்டும் வேண்டாம். புழுக்கமான நாளில் இறுகிய பசைமேல் மெழுகு மாதிரி ஒரு படலம் வரலாம், தண்ணீரில் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பூச்சு. அப்புறம் கையுறை கட்டாயம், தோல் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் போகாது.

இதெல்லாம் மாடலுக்கு. ஆள் ஏறிப் பறக்கிற பழைய கிளைடரென்றால் அதன் பழுதுநீக்கக் கையேடும் சான்றளிக்கும் ஆய்வாளரும் ஒத்துக்கொள்ளும் பசை மட்டும்தான்.