பனியன் கம்பெனி சர்வரில் ஃப்ரீபிஎஸ்டி: ஃபைல் கெட்டுப்போனால் நான் பார்க்கும் வரிசை

திருப்பூரில் அவிநாசி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது அந்த பனியன் கம்பெனி. எம்பிராய்டரியும் அங்கேயே ஓடுகிறது. டிசைன் ஃபைல், பையர் அனுப்பும் டெக் பேக் (துணியின் அளவு, தையல் விவரம்), கணக்கு எல்லாம் வைக்க ஒரு ஃபைல் சர்வர் கேட்டார்கள். 2016-இல் ஒரு சாதாரண அசெம்பிள் மெஷினில் ஃப்ரீபிஎஸ்டி 10.3 போட்டுக் கொடுத்தேன். யுனிக்ஸ் வழியில் வந்த இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் அது. 1 டிபி டிஸ்க் ஒன்று, அதில் ஃப்ரீபிஎஸ்டியின் பழைய ஃபைல் சிஸ்டமான யுஎஃப்எஸ், மேலே விண்டோஸ் மெஷின்களுக்கு ஃபைலைப் பகிரும் சம்பா. இன்றுவரை அதைப் பார்த்துக்கொள்வது நான்தான். இதே வேலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதல் அடி 2017-இல் விழுந்தது. கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கிற அந்தப் பத்து நொடியை யுபிஎஸ் பேட்டரி தாங்கவில்லை. மெஷின் அப்படியே அணைந்தது. திரும்ப ஏற்றியபோது ஜர்னல் (டிஸ்க்கில் நடக்கும் மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவு) சில நொடிகளில் ஓடி முடித்து, ஃபைல் சிஸ்டம் சுத்தம் என்றது. நானும் நம்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து, ஷிஃப்ட் நடுவில், 'டூப் அலாக்' என்ற வரியோடு கெர்னல் பேனிக், அதாவது சிஸ்டமே நின்றுவிட்டது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி 9.0-இல் வந்த இந்த சாஃப்ட் அப்டேட்ஸ் ஜர்னல், மெஷின் அணைந்த நேரத்தில் பாதியில் நின்ற வேலைகளை மட்டும்தான் சரிசெய்யும். டிஸ்க்கோ ராமோ தப்பாக எழுதி வைத்தது அதன் கண்ணில் படவே படாது. அதனால் இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் பூட் மெனுவில் 2 அழுத்தி சிங்கிள் யூசருக்குப் போய், ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கமாண்டை ஓட்டுகிறேன். ஜர்னலைப் பயன்படுத்தவா என்று அது கேட்கும். இல்லை என்று சொன்னால்தான் ஐந்து கட்டமும் முழுதாக ஓடும்.

அன்று முழு எஃப்எஸ்சிகே முடிந்தபோது லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டரில் 38 ஃபைல்கள் கிடந்தன. பெயர் கிடையாது, ஃபைல் சிஸ்டம் உள்ளே வைத்துக்கொள்ளும் ஐநோட் எண் மட்டும். எம்பிராய்டரி மெஷினுக்குப் போகும் டிஎஸ்டி ஃபைலின் தொடக்கத்தில் 'எல்ஏ:' என்று ஆரம்பித்து டிசைன் பெயர் எழுத்தாகவே இருக்கும். ஒவ்வொன்றாக ஹெட் கமாண்டில் அந்த முதல் வரியைப் பார்த்து, டிசைனர் தம்பி பெயர் சொல்லச் சொல்ல மாற்றி வைத்தோம். "அண்ணா, இது போன சீசன் கிளி டிசைனுங்க, இதுக்குத்தான் மறுபடி ஆர்டர் வந்திருக்குது" என்று அவர் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. 31 ஃபைல் மீண்டது. மீதி ஏழு போனது போனதுதான்.

பழியை முழுக்கக் கரண்ட் மேல் போட்டேன். பேட்டரி மாற்றியாயிற்று, யுபிஎஸ் சொன்னால் மெஷின் தானே ஷட்டவுன் ஆகும்படியும் செய்தாயிற்று. ஆனாலும் அவ்வப்போது ஒரு படம் பாதி சாம்பலாகத் திறக்கும், ஒரு ஜிப் பிரிய மறுக்கும். யுஎஃப்எஸ் நம் தரவுக்குச் செக்சம் (சரிபார்க்கும் எண்) வைப்பதில்லை. எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று அதற்குத் தெரிய வழியே இல்லை.

2019-இல் இரண்டு புது டிஸ்க் வாங்கி, செக்சம் வைக்கும் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் மிரருக்கு (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நகல்) மாற்றினேன். ராம் 8 ஜிபி, நாலு நாலாக இரண்டு. இரண்டே மாதத்தில், டிஸ்க்குகளின் நிலையைக் காட்டும் இசட்பூல் ஸ்டேட்டஸில் பிழை எண்கள் ஏற ஆரம்பித்தன. முதலாளி, "ஏனுங்க தம்பி, புதுசு போட்டுமே இப்படியா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் புது ஃபைல் சிஸ்டம் எதையும் கெடுக்கவில்லை. முன்பு சத்தமில்லாமல் நடந்ததை இது வாய் திறந்து சொன்னது, அவ்வளவுதான்.

அந்த எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டதுதான் இத்தனை வருடத்தில் எனக்குப் பெரிய லாபம். முதலில் ஒரே ஒரு டிஸ்க்குக்கு மட்டும் ரீட், ரைட் பத்திகளில் பிழை. கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் 'ரீட்ரையிங் கமாண்ட்' வரிசையாக. டிஸ்க் தன்னைப் பற்றி வைக்கும் கணக்கை ஸ்மார்ட்சிடிஎல் போட்டுப் பார்த்தால், கெட்ட செக்டர்களைச் சொல்லும் 5, 197, 198 மூன்றும் பூஜ்யம். 199 மட்டும் 214. அது சிஆர்சி பிழை எண்ணிக்கை. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தரவு சிதைகிறது என்று அர்த்தம், டிஸ்க் தட்டில் குறை இல்லை. சாட்டா கேபிளை மாற்றினேன். இந்த 199 எப்போதும் இறங்காது, அதனால் 214-ஐக் குறித்து வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் ஏறவே இல்லை. கேபிளைப் பார்க்காமல் நல்ல டிஸ்க்கைக் கழற்றி வாரண்டிக்கு அனுப்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அதே ஸ்டேட்டஸில் செக்சம் என்ற பத்தி. இப்போது இரண்டு டிஸ்க்கிலும் பிழை, அதுவும் இரண்டிலும் ஒரே எண்ணிக்கை. வேறு வேறு இரண்டு டிஸ்க் ஒரே இடத்தில் ஒரே மாதிரி கெட வாய்ப்பு ரொம்பக் குறைவு. அப்படியென்றால் டிஸ்க்குக்குப் போகும் முன்பே தரவு கெட்டிருக்கிறது. சனி இரவு ஷிஃப்ட் முடிந்ததும், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட விட்டேன். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். மெஷின் நன்றாகச் சூடான பிறகு, மூன்றாவது சுற்றில்தான் பிழைகள் சிவப்பாக வந்தன. ஒவ்வொரு ராமாகத் தனியே போட்டுப் பார்த்ததில் ஒன்று மட்டும் குற்றவாளி. 2016-லிருந்து இருந்தது அதே ராம்தான். 2017-இல் நான் கரண்ட் மேல் போட்ட பழியில் பாதியாவது இதற்குச் சேர வேண்டியது என்று இன்றும் நினைக்கிறேன்.

சூட்டுக்குக் காரணம் பஞ்சு. நிட்டிங் ஓடும் இடத்தில் பஞ்சுத் தூசி எல்லாவற்றிலும் ஏறும். எஸ்எம்பிஎஸ்ஸை (மெஷினின் பவர் சப்ளை) திறந்தபோது ஃபேன் பின்னால் விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. கம்பெனியில் கம்ப்ரஸர் காற்று இருக்கிறதே என்று அதை அடிக்காதீர்கள், அதில் ஈரம் வரும். சின்ன ஹேண்ட் புளோயர் போதும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். மாதம் ஒரு முறை இதைச் செய்கிறோம்.

2022-இல் கணக்குப் பிரிவின் பழைய யுஎஃப்எஸ் டிஸ்க் ஒன்றில் 197 நாளுக்கு நாள் ஏறியது. அது நிஜமாகவே டிஸ்க் சாவு. அந்த நிலையில் எஃப்எஸ்சிகே ஓட்டவே கூடாது. சாகிற டிஸ்க்கில் அது எழுத ஆரம்பித்தால் இருப்பதும் போகும். கெட்ட டிஸ்க்கிலிருந்து நகல் எடுக்கும் டிடிரெஸ்க்யூவில், எது வந்தது எது வரவில்லை என்று குறிக்கும் மேப் ஃபைலோடு வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்து, நகல் மேல்தான் எஃப்எஸ்சிகே ஓட்டினேன். கணக்கு முழுதும் வந்தது.

குறைகளும் உண்டு. இசட்எஃப்எஸ் கேஷ் ராமை நிறைய எடுத்துக்கொள்ளும், 8 ஜிபியில் அதற்கு வரம்பு வைக்க வேண்டியிருந்தது. சுற்றுவட்டாரத்தில் ஃப்ரீபிஎஸ்டி தொடக்கூடிய ஆள் கிடைப்பதில்லை, நான் ஊருக்குப் போனால் முதலாளிக்குக் கவலை. அந்த சாதாரண போர்டில் ஈசிசி ராம் (பிழையைத் தானே திருத்தும் ராம்) போட முடியாது என்பதால், 2021-இல் கோவையில் ஒரு பழைய ஒர்க்ஸ்டேஷன் வாங்கி டிஸ்க்குகளை அதற்கு மாற்றினேன். பூலை (இசட்எஃப்எஸ் டிஸ்க் தொகுப்பை) இம்போர்ட் செய்ததும் அப்படியே வந்து நின்றது. இப்போது ஃப்ரீபிஎஸ்டி 13 வரிசையில் ஓடுகிறது. தானே ஓடும் வேலைகளுக்கான பீரியாடிக் அமைப்பில் ஸ்க்ரப்பை (எல்லாத் தரவையும் படித்துச் செக்சம் பார்ப்பது) இயக்கி வைத்திருக்கிறேன், 35 நாளுக்கு ஒரு முறை தானே ஓடும். தனி டிஸ்க்கில் வாராவாரம் பேக்கப்பும் போகிறது, மிரர் இருக்கிறது என்று அதை விட்டுவிடவில்லை.

டிசைனர் தம்பி காலையில் வந்ததும் இசட்பூல் ஸ்டேட்டஸ் -எக்ஸ் அடித்து எனக்கு போட்டோ அனுப்புவார். "ஆல் பூல்ஸ் ஆர் ஹெல்தி" என்ற ஒற்றை வரி. 2019 டிஸ்க் இரண்டும் 50,000 மணி நேரம் தாண்டிவிட்டன. தீபாவளிக்குக் கம்பெனி மூடும் நாட்களில் ஒவ்வொன்றாக மாற்றலாம் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். புது டிஸ்க் முதலாவது வந்துவிட்டது. என் மேஜையில் அதற்கு லாங் டெஸ்ட் (டிஸ்க் தன்னைத்தானே முழுதாகச் சோதிப்பது) ஓடிக்கொண்டிருக்கிறது.